தேனீ பறக்கும் தூரம்

ஜூலை 6

அன்புத் தம்பிக்கு,

நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் சௌக்கியம்தானே? இங்கே என் முழங்காலும் உன் அத்தானின் கோபமும் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கின்றன. மற்றபடி குறை ஒன்றும் இல்லை. போன வாரம் போனில் நீ கத்தியது தெரு முழுக்கக் கேட்டிருக்கும். கேட்காதவள் நான் ஒருத்திதான். இனிமேல் கடிதமே போதும். காகிதத்துக்குக் காது வேண்டியதில்லை.

ஒரு சேதி. தோட்டத்து மஞ்சள் பிளம் காய்த்திருக்கிறது. ஒன்று இரண்டு இல்லை, கிளை வளையக் காய்த்திருக்கிறது. உனக்குத் தோட்டம் என்றால் பால்கனித் தொட்டியில் இருக்கும் கற்றாழைதான். அதனால் இதில் என்ன அதிசயம் என்று கேட்பாய், சொல்கிறேன்.

இந்த ஜாதி மரம் தன் பூவின் மகரந்தத்தில் தானே காய்க்காது. பக்கத்தில் வேறு ஜாதி பிளம் ஒன்று அதே சமயத்தில் பூத்திருக்க வேண்டும். தேனீ அங்கே போய்க் காலில் அப்பிக்கொண்டு வந்து இங்கே உட்கார வேண்டும். கன்று வாங்கப் போனபோது நாற்றுப் பண்ணைக்காரர், "ஒத்த மரம் வச்சா பூ மட்டும்தாம்மா பாக்கலாம். ஜோடியா வைங்க" என்றார். என் பிள்ளை துரும்பு ஜோடியாகவே வைத்தான். மஞ்சள் அம்மாவுக்கு, கறுப்பு தனக்கு என்று பேர் வேறு வைத்தான். படிப்பை விட்டுக் கப்பல் வேலைக்குப் போகிறேன் என்று அவன் வாசல் தாண்டிய அன்றே, உன் அத்தான் கறுப்பு மரத்தை வெட்டினார். வெட்டியதோடு விட்டாரா? வேரைத் தோண்டி எடுத்துக் குழியை மூடி அதன் மேலேயே நடந்து மண்ணை இறுக்கினார். அதிலிருந்து மஞ்சள் மரம் வருடா வருடம் பூத்துக் கொட்டிவிட்டுச் சும்மா நின்றது.

இப்போது காய்த்திருக்கிறது என்றால், தேனீ பறக்கும் தூரத்துக்குள் இன்னொரு மரம் இருக்கிறது. அது யாருடையது என்று எனக்குத் தெரியும். கிளம்புவதற்கு முன்னால் துரும்பு கறுப்பு மரத்தில் இரண்டு குச்சி வெட்டி ஈரத்துணியில் சுற்றியதை நான் பார்த்தேன். இந்த ஊரில் யாரிடமோ கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறான். அவர் ஒட்டுக்கட்டி வளர்த்திருக்கிறார். இத்தனை வருடத்தில் அது பூக்கிற வயசுக்கு வந்திருக்கிறது. என் பிள்ளையின் கை பட்டதில் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

வீட்டைக் காலி செய்துவிட்டு உன்னோடு வந்து இருக்கச் சொல்கிறாய். வருகிறேன், ஆனால் அந்த மரத்தைப் பார்த்த பிறகுதான். பழம் ஒரு தட்டு நிறைய வைத்தேன். உன் அத்தான் தொடவில்லை.

உன் அக்கா.


ஜூலை 22

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ எழுதியதைப் படித்துவிட்டு இவள், "அண்ணிகிட்டேருந்து இவ்வளவு சந்தோஷமான கடிதம் வந்து எத்தனை வருஷம் ஆச்சு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் சந்தோஷம்தான். பழத்தைச் சாப்பிடு, ஜாம் போடு. அதற்கு மேல் துருவாதே.

மரம் காய்த்தது என்றால் ஏதோ ஒரு காரணத்தால் காய்த்தது. தெருக்கோடியில் யாரோ ஒரு கன்று வைத்திருப்பார்கள். எவனோ துப்பிய கொட்டை குப்பைமேட்டில் முளைத்திருக்கும். அதைத் தேடி இந்த முழங்காலோடு நீ தெருத்தெருவாக அலைய வேண்டுமா? மாடி வேண்டாம் என்றாய் என்று கீழ் அறையையே உங்களுக்காக ஒழித்துவிட்டோம். ஜன்னலுக்கு வெளியே கொஞ்சம் மண்கூட இருக்கிறது. உன் ராஸ்பெரிப் புதரில் ஒரு பதியம் கொண்டுவந்தால் வைத்துக்கொள்ளலாம்.

போன மாதம் முழுக்க எனக்கு அலைச்சல். பழைய கட்டடங்களின் லிஃப்ட்டுகளைச் சோதிக்கும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். ஒவ்வொரு கயிறாகப் பார்த்து, தாங்கும், தாங்காது என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஆமாம், இந்த வசந்தத்தில் நாற்றுப் பண்ணைக்காரர் உன் வீட்டுப் பக்கம் வந்தாரா? சும்மா ஞாபகம் வந்தது, கேட்டேன்.

அத்தானுக்கு என் வணக்கம்.

உன் தம்பி.


ஆகஸ்ட் 30

தம்பிக்கு,

உன் பெரியவனுக்கு அம்மை என்று கேள்விப்பட்டேன். சொறிய விடாதே, தழும்பு விழும். மற்றவர்கள் நலமாக இருக்கட்டும்.

நான் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். தேனீ எவ்வளவு தூரம் போகும் என்று நாற்றுப் பண்ணைக்காரரிடம் கேட்டேன். "நீங்க காய்கறி வாங்க எவ்வளவு தூரம் போவீங்க? பக்கத்துல கிடைச்சா பக்கத்துல, கிடைக்கலன்னா பஸ் ஏறி. அதுவும் அப்படித்தான்" என்றார். ஆகவே முதலில் பக்கத்துத் தெருக்கள், பிறகு சர்ச் பின்பக்கம், பிறகு வாய்க்கால் வரை. மதில் மேல் எட்டிப் பார்க்கும் கிழவி என்று எனக்கு ஊரில் பேர் வந்துவிட்டது. பல் டாக்டர் வீட்டு நாய் என்னைத் திருடி என்றே முடிவு செய்துவிட்டது. எலுமிச்சை பார்த்தேன், அத்தி பார்த்தேன், கவாத்தே காணாமல் காடாகக் கிடக்கும் திராட்சைப் பந்தல் பார்த்தேன். ஒருவர் வீட்டில் மல்பெரிப் பழம் தரை முழுக்கக் கொட்டிக் கிடந்தது, பொறுக்க ஆள் இல்லை. பிளம் மட்டும் இல்லை. இலையை வைத்தே கறுப்பு மரத்தைச் சொல்லிவிடுவேன். அது பச்சையாகவே இருக்காது, பீட்ரூட் நிறத்தில் இருக்கும்.

ஆஸ்பத்திரி லேபில் இத்தனை வருடம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தவள் நான். கிடைக்கவில்லை என்றால் இல்லை என்று அர்த்தம் இல்லை, சரியான இடத்தில் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

பண்ணைக்காரர் வந்தாரா என்று கேட்டாய். வந்தார். எரு போடும் பக்குவம் சொல்லிவிட்டுப் போனார். எதற்குக் கேட்டாய்?

உன் அத்தானிடம் என்னோடு வரச் சொன்னேன். "வெட்டுனது வெட்டுனதுதான். நீ போய்த் தேடிட்டு இரு" என்றார்.

கையெழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும். பொருட்படுத்தாதே.

அக்கா.


செப்டம்பர் 4

மாப்பிள்ளைக்கு,

சௌக்கியம். அங்கும் அவ்வாறே இருக்கட்டும்.

உன் அக்கா எழுதியிருக்க மாட்டாள். வாய்க்கால் சரிவில் விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. கட்டுப் போட்டிருக்கிறது. இடது கையால் எழுதுகிறாள். நேற்று கட்டோடு மறுபடி கிளம்பினாள். நான் சொன்னால் கேட்கிற ஆள் இல்லை. நான் சொல்ல வேண்டியதைச் சொல்லும் தகுதியும் எனக்கு இல்லை. நீ எழுது.

அத்தான்.


அக்டோபர் 19

அன்புள்ள அக்காவுக்கு,

கை எப்படி இருக்கிறது? உடனே எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. நாலைந்து கடிதம் எழுதிக் கிழித்தேன். கோபத்தில் எழுதினால் தப்பாகப் போகும், அழுகையில் எழுதினால் அதைவிடத் தப்பாகப் போகும்.

வாய்க்கால் சரிவில் உனக்கு என்ன வேலை? விழுந்தது அந்தப் பக்கம் தண்ணீரில் என்றால்? அத்தானும் எவ்வளவு நாள்தான் ஒன்றும் நடக்காதது மாதிரி பஸ் டிப்போ சீருடைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்? அவர் ரிடையர் ஆகி எவ்வளவு காலம் ஆகிறது!

ஒரு ஒப்பந்தம் போடுவோம். மழையும் குளிரும் போகட்டும். மார்ச்சில் மரம் பூக்கட்டும். அக்கம்பக்கத்தில் இன்னொரு மரம் உண்மையிலேயே இருந்தால் அடுத்த வருடமும் காய்க்கும் அல்லவா? காய்த்தால் நான் வாயைத் திறக்க மாட்டேன், நீ இருக்கும் வரை அங்கேயே இரு. காய்க்காவிட்டால், இந்த வருடம் நடந்தது ஏதோ ஒரு தற்செயல் என்று ஒப்புக்கொண்டு இரண்டு பேரும் இங்கே வந்துவிட வேண்டும். அதுவரை மதில் ஏறுவது கிடையாது.

சம்மதமா? கையை ஆட்டாதே. எலும்பு கூடட்டும்.

உன் தம்பி.


நவம்பர் 11

தம்பிக்கு,

கட்டுப் பிரித்தாயிற்று. விரல் இன்னும் மரத்த மாதிரி இருக்கிறது, ஆனால் கவாத்துக் கத்தரி பிடிக்க முடிகிறது. உன் பிள்ளைகள் பள்ளிக்கூடம் ஒழுங்காகப் போகிறார்களா?

சம்மதம். சின்ன வயதில் சீட்டாட்டத்தில் நீ ஏமாற்றும்போது உன் மூக்கு விடைக்கும். கடிதத்தில் மூக்கு தெரியாததால் நம்பி ஒப்புக்கொள்கிறேன்.

ராஸ்பெரியில் காய்த்து முடிந்த தண்டுகளை எல்லாம் அடியோடு வெட்டிவிட்டேன். புதுத் தண்டுகளைக் கம்பியில் கட்டிவிட்டேன். இந்தச் செடி கேட்காமலே வேர் ஓட்டி நாலாபக்கமும் முளைக்கும், ஆக்கிரமிப்பில் அதை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் கறுப்பு மரம் நின்ற அந்த வட்டத்துக்குள் மட்டும் இதுவரை ஒரு முளை வந்ததில்லை. மண்ணில் ஏதாவது கோளாறா என்று தோண்டிப் பார்த்தேன். நல்ல மண், புழுகூட இருக்கிறது. மூடிவிட்டு வந்தேன்.

மார்ச்சில் எழுதுகிறேன்.

அக்கா.


மார்ச் 17

அன்புத் தம்பிக்கு,

நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. நான் எழுதுவதை உட்கார்ந்து படி. எனக்கு ஜுரம் இல்லை. மாத்திரை மாற்றிப் போடவும் இல்லை.

மஞ்சள் மரம் பூத்துவிட்டது. நேற்று வெயில் நன்றாக ஏறிய நேரம், தேனீ எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பார்க்க நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மதில் தாண்டிப் போகிற தேனீ ஒன்றைக் கண்டால் அது போகும் வழியே போகலாம் என்பது என் கணக்கு. எதுவும் மதில் தாண்டவில்லை. எல்லாம் எனக்கு இடது பக்கம், கறுப்பு மரம் நின்ற வெறும் இடத்துக்கே போயின.

அங்கே கீழே மண். மேலே ஆகாயம். நடுவில், ஆள் உயரத்துக்கும் மேலே, நூற்றுக்கணக்கில் தேனீ. சுற்றிப் பறந்தால் பரவாயில்லை, கூடு பிரிகிறது என்று இருந்திருப்பேன். அவை வேலை செய்தன. ஒரு தேனீ வந்து காற்றில் ஓரிடத்தில் நின்றது. இறக்கையை மடித்தது. இறக்கையை மடித்த தேனீ கீழே விழ வேண்டும் இல்லையா? விழவில்லை. கால் வைத்து நடந்தது. தலையை எதற்குள்ளோ நுழைத்துப் பின்பக்கத்தை ஆட்டியது. பிறகு வெளியே வந்து, அடுத்த இடத்துக்குப் போய், மறுபடி இறக்கையை மடித்தது. அவை உட்கார்ந்த இடங்களை எல்லாம் கண்ணாலேயே கோடு போட்டுச் சேர்த்தால் கிளை கிளையாக வருகிறது. தெற்கே ஒரு தாழ்ந்த கிளை இருக்குமே, துரும்பு உட்கார்ந்து கால் ஆட்டுவானே, அதுகூட இருக்கிறது.

அங்கிருந்து நேரே மஞ்சள் மரத்துக்கு வருகின்றன. வந்த ஒன்றைப் பிடித்து, காலில் இருந்த பொடியைக் கண்ணாடியில் தேய்த்து, பழைய மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். இரண்டு வகைத் துகள் இருக்கிறது. என் தொழிலில் நான் பொய் ரிப்போர்ட் எழுதியதில்லை.

நிமிர்ந்தால் உன் அத்தான் ரப்பர் குழாயோடு நிற்கிறார். தண்ணீர் செருப்பு மேலேயே ஊற்றிக்கொண்டிருக்கிறது. எனக்குத்தான் காது கேட்காதே. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். "நான்தானே வெட்டினேன்?" என்றார். "வேரோட எடுத்தேனே?"

எனக்குப் பயமாக இருக்கிறது. பயத்துக்கு நடுவில் சந்தோஷமாகவும் இருக்கிறது. அதுதான் அதிகப் பயமாக இருக்கிறது.

அக்கா.


மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை இவளிடம் காட்டவில்லை. முதல் முறையாக.

உன்னிடம் நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். போன வருடம் நாற்றுப் பண்ணைக்காரர் உன் வீட்டுக்குத் தானாக வரவில்லை. நான்தான் அனுப்பினேன். ஒவ்வொரு வருடமும் அந்த மரம் பூத்துவிட்டுச் சும்மா நிற்கிறது, அதைப் பார்த்துப் பார்த்து நீ உருகுகிறாய் என்று அத்தான் எழுதியிருந்தார். பண்ணைக்காரரிடம் கேட்டேன். ஒற்றை மரக்காரர்களுக்கு ஒரு வழி இருக்கிறது என்றார். வேறு ஜாதி பிளமின் பூங்கிளைகளை வெட்டி, வாளித் தண்ணீரில் போட்டு, மரத்துக்குள் தொங்கவிட்டால் போதுமாம். தேனீக்கு அது வாளியா மரமா என்று தெரியாதாம். அக்காவுக்குச் சொல்ல வேண்டாம், கடவுள் கொடுத்ததாக இருக்கட்டும் என்று நான்தான் சொன்னேன். நீ ஒரு தட்டுப் பழம் தின்று சந்தோஷப்படுவாய் என்று நினைத்தேனே தவிர, கணக்குப் போட்டு ஊரெல்லாம் தேடிக் கையை முறித்துக்கொள்வாய் என்று நினைக்கவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை.

ஒப்பந்தம் போட்டதும் அதனால்தான். இந்த வருடம் கிளை கொண்டுபோக வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். ஆகவே காய்க்காது. என் மூக்கு விடைத்துத்தான் இருந்தது, அக்கா. மன்னித்துவிடு.

தேனீ விஷயம்: வெயிலில் உட்கார்ந்தால் கண்ணுக்கு முன் புள்ளி பறக்கும், இந்த வயதில் சகஜம். கண் டாக்டரைப் பார். அத்தானையும் அழைத்துக்கொண்டு போ.

உன் தம்பி.


ஏப்ரல் 21

தம்பிக்கு,

எல்லோரும் சுகம்தானே? நாங்கள் சுகம். கண் டாக்டரிடம் போனோம். இரண்டு பேருக்கும் கண்ணாடி பவரைக்கூட மாற்றவில்லை.

நீ அழாதே. வாளி விஷயம் எனக்கு அன்றைக்கே தெரியும். என் தோட்டத்தில், என் மரத்தில் ஒருவர் வாளி கட்டுவார், அது எனக்குத் தெரியாமல் போகுமா? நான் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நீ சொல்லித்தான் செய்திருப்பார் என்றும் புரிந்தது. பாசக்காரத் தம்பி என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அவர் போனதும் கிட்டே போய்ப் பார்த்தால் கிளை முழுக்க அசுவினிப் பூச்சி, காம்பே தெரியாத அளவுக்கு அப்பிக் கிடந்தது. விட்டால் என் மரத்துக்கும் தொற்றும். அப்படியே அவிழ்த்து அடுப்பில் போட்டேன். ஒரு பூகூட விரியவில்லை, எல்லாம் இறுகிய மொட்டு. மஞ்சள் மரமே அதற்குப் பிறகுதான் பூத்தது. நீ வருத்தப்படுவாய் என்று எழுதவில்லை.

அதனால் போன வருடம் காய்த்ததும் உன்னால் இல்லை.

இந்த வருடம் பிஞ்சு நிறைய நிற்கிறது. கிளை முறியுமோ என்று பாதியைக் கிள்ளிப் போட்டேன்.

இப்போதெல்லாம் நான் வெளியே தேடப் போவதில்லை. உன் அத்தானும் வீட்டுக்குள் இருப்பதில்லை. உச்சி வெயிலில் அந்த வெறும் இடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறார். மூளை உருகிவிடும் என்று குடை கொண்டுபோனேன். "எதுக்கு? இங்க நிழலாத்தானே இருக்கு" என்றார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. போன வாரம் மழை பெய்தபோது அவர் எழுந்து வரவில்லை. முதுகு மட்டும் கொஞ்சம் நனைந்திருந்தது. நாற்காலியைச் சுற்றி மண் காய்ந்தே கிடந்தது.

இஸ்திரி போடுவதை நிறுத்திவிட்டார். நேற்று நல்லெண்ணெயைத் தொட்டுத் தொட்டு என் கத்தரியைத் துடைத்துக் கொடுத்தார். கல்யாணமான புதிதில் இப்படி ஏதாவது செய்வார்.

அக்கா.


ஜூன் 16

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. பண்ணைக்காரரிடம் போனில் கேட்டால், "ரெண்டு பேரும் தோட்டத்துலதான் இருக்காங்க சார். நல்லாத்தான் இருக்காங்க. என்னைத்தான் உள்ள கூப்பிடல" என்கிறார்.

இவ்வளவு நாள் இதை நான் எழுதியதில்லை. நீ கேட்டதும் இல்லை. இப்போது கேட்காமலே எழுதுகிறேன்.

துறைமுக ஆஸ்பத்திரியில் இருந்து ஆள் வந்தபோது, வெள்ளத்தில் ரயில் பாதை போய் நீங்கள் வர முடியாமல் இருந்தபோது, நான் போனேன். காய்ச்சலில் பாதியாக இளைத்திருந்தான். துரும்பு என்று நாம் கிண்டலுக்கு வைத்த பேர் அன்றைக்கு எனக்கு வாயில் வரவில்லை. துணியை விலக்கி முகத்தைப் பார்த்தேன். அவன்தான். புருவத்துத் தழும்பு, பல்லிடுக்கு, எல்லாம் அவன்தான். தலையை நான்தான் வாரிவிட்டேன். சட்டைப் பொத்தானை நான்தான் போட்டேன். என் கையால் மண் போட்டேன், அக்கா. அவன் இருக்கும் இடத்தை நான் போய் நின்று காட்ட முடியும். அது எந்தத் தேனீயும் பறக்க முடியாத தூரம்.

மரம் எப்படிக் காய்த்தது என்று எனக்குத் தெரியாது. ஒப்பந்தத்தில் நான் தோற்றேன், ஒப்புக்கொள்கிறேன். நீ அங்கேயே இரு. ஆனால் அந்த இடத்தில் உட்காராதே. அத்தானையும் உட்கார விடாதே. நிழல் இருக்கிறது என்றால் என்னவோ ஒன்று வெயிலை மறைக்கிறது. அது என்ன என்று தெரியாமல் அதன் கீழே உட்காரக் கூடாது.

ஒரு வரியாவது எழுது.

உன் தம்பி.


ஜூலை 3

அன்புத் தம்பிக்கு,

நீயும் அவளும் குழந்தைகளும் நன்றாக இருக்க வேண்டும். அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

நீ எழுதியதை உன் அத்தானுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். பொத்தான் இடம் வந்ததும் எழுந்து போய் ஏணியை எடுத்து வந்தார். இரண்டு கால் ஏணி, சுவரில் சாத்தி ஏறுவோமே, அது. அந்த வெறும் இடத்தில் கொண்டுபோய்ச் சாத்தினார்.

ஏணி விழவில்லை.

நீ லிஃப்ட் பார்க்கிறவன். சாய ஒன்று இல்லாமல் எதுவும் நிற்காது என்பாய். நான் சுற்றி வந்து பார்த்தேன். மேல் முனை காற்றில் இருக்கிறது. குலுக்கினேன். கிளையில் சாத்திய ஏணி எப்படிக் கொஞ்சம் அசைந்து கொடுத்து, பிறகு தாங்குமோ, அப்படித் தாங்கியது. கீழே மண் இளகலாக இருப்பதால் அடி மட்டும் வழுக்குகிறது. ஒருவர் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். நான் பிடித்துக்கொண்டேன், அவர் ஏறினார்.

முதல் நாள் மடி நிறையப் பழத்தோடு இறங்கினார். கறுப்புப் பிளம். வெட்டினால் உள்ளே ரத்தச் சிவப்பு, அந்தப் புளிப்பு, அந்தத் தித்திப்பு, அதே பழம். இரண்டு பேரும் நின்றபடியே தின்றோம். அடுத்த நாள் வெகு நேரம் கழித்துத்தான் இறங்கினார். கன்னமெல்லாம் நனைந்திருந்தது. "என்ன சொன்னான்?" என்று கேட்டேன். அவன் என்று நான் எப்படிக் கேட்டேன், அவர் ஏன் ஆச்சரியப்படவில்லை, தெரியவில்லை. "கோவமெல்லாம் இல்லையாம்" என்றார். "நாந்தான் இத்தனை நாள் பேசாம இருந்துட்டேனாம்."

மூன்றாம் நாள் ஏறியவர் இறங்கவில்லை. நேற்று முழுதும் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குக் காது கேட்காது என்பது உனக்குத் தெரியும். இடி இடித்தாலும் ஜன்னல் அதிர்வதைத்தான் பார்ப்பேன். ஆனால் மேலே அவர்கள் பேசுவது மட்டும் கேட்கிறது, தம்பி. வார்த்தை இல்லை, குரல் மட்டும். இரண்டு குரல். நடுவில் ஒரு சிரிப்பு.

உன் மேல் சத்தியமாக எனக்கு இப்போது பயம் இல்லை. உன்னோடு வந்து இருக்க ஆசைதான். உன் பிள்ளைகளைத் தூக்கி வளர்க்கவில்லையே என்ற குறை உண்டு. ஆனால் நீ பார்த்தாய், வாரிவிட்டாய், பொத்தான் போட்டாய். நான் பார்க்கவில்லை. இத்தனை வருடமும் எனக்கு அது ஒன்றுதான்.

நானும் ஏற வேண்டும். எனக்கு ஏணி பிடிக்க ஆள் இல்லை. நீ வருவாயா?

அக்கா.


ஜூலை 10

அக்கா,

எல்லோரும் நலம். பெரியவன் பல்லுக்குக் கம்பி போட்டிருக்கிறான், சின்னவள் சைக்கிள் கற்றுக்கொள்கிறாள். நீ கேட்காமல் விட்டுவிட்டாய், அதனால் சொல்கிறேன்.

உன்னைத் தடுக்க வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். போலீசுக்குச் சொல்வது, அத்தானைத் தேடச் சொல்வது, உன்னை வலுக்கட்டாயமாக இங்கே அழைத்து வருவது, இப்படி ஒரு பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்தேன். ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி இருந்தது. உன்னிடம் எதைச் சொல்லி உன்னை நிறுத்துவேன்? அவன் முகத்தை நான் பார்த்துவிட்டேன், நீ பார்க்க வேண்டாம் என்றா?

இவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என் பையை எடுத்துவைத்துவிட்டு, பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

வியாழக்கிழமை ரயிலில் வருகிறேன். அதுவரை ஏறாதே. பிடிக்க ஆள் இல்லாமல் ஏறினால் வழுக்கிவிடும், உனக்கு மணிக்கட்டு இன்னும் சரியாகவில்லை. நான் வந்து அடியில் மிதித்து இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறேன். எவ்வளவு நேரம் ஆனாலும் நிற்கிறேன். நீ போய்ப் பார்த்துவிட்டு, முடிந்தால் இறங்கு.

ஒன்றே ஒன்று. மேலே போனதும் அவனிடம் சொல்லிவை. நான் கீழே நிற்கும்போது அவன் என்னைக் கூப்பிடக் கூடாது. என் பிள்ளைகள் இன்னும் சின்னவர்கள். ஒரே ஒரு தரம் "மாமா" என்று அவன் கூப்பிட்டான் என்றால், நான் ஏணியை விட்டுவிட்டு ஏறிவிடுவேன்.

உன் தம்பி.